மலிவாகக் கிடைக்கும் பழைய ஃபைபர் படகு: அறிகுறியை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்க

ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர், தேவிபட்டினம், தொண்டி என்று எந்தக் கரைக்குப் போனாலும் விற்பனைக்கு ஒரு பழைய ஃபைபர் படகு கவிழ்ந்தோ நிமிர்ந்தோ கிடக்கும். விலை ஏன் குறைவு என்று விற்பவரைக் கேட்டால் "புதுசு எடுத்துட்டோம்" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். படகைக் கேட்டால்தான் முழுப் பதிலும் வரும்.

கோளாறுகளில் சில மேல்பூச்சோடு நிற்பவை. ஒரு கிலோ ரெசினும் (ஃபைபர் நாரை இறுக்கும் ஒட்டுத் திரவம்) அரைநாள் வேலையும் போதும். சில உள்ளே இருப்பவை: ஏரா (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு), பின்பலகை, எஞ்சின் உட்காரும் கட்டை. அவற்றைச் சரிசெய்யும் செலவு படகின் விலையையே தாண்டும். கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும் இந்த இரண்டில் எது என்று பிரித்துக்கொண்டால் பேரம் தானாக நடக்கும்.

கொண்டுபோக வேண்டியவை: 200 கிராம் சுத்தியல், 10 மீட்டர் டேப், நைலான் நூல், டார்ச், பழைய திருப்புளி, சாக்கட்டி, ஸ்பாஞ்ச், பிளக் ஸ்பேனர், வெள்ளைத் துணி. 5 மி.மீ. பிட்டுடன் பேட்டரி டிரில் இருந்தால் நல்லது. காலை ஏழு மணிக்கே போங்கள். வெயில் ஏறியபின் ஃபைபரைத் தொடவே முடியாது. அதைவிட முக்கியம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும்.

பெயிண்ட் புதுசாக இருக்கிறது

பயப்பட வேண்டாம், ஆனால் மெதுவாகப் பாருங்கள். விற்கும் முன் பெயிண்ட் அடிப்பது வழக்கம்தான். அடிப்பாகத்தில் மட்டும், அதிலும் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் பளபளப்பு வேறாக இருந்தால் அங்கே பட்டி வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி டார்ச்சைப் படகோடு ஒட்டிப் பிடியுங்கள். பட்டி வைத்த இடம் மேடுபள்ளமாகத் தெரியும். பிறகு அதே இடத்தை உள்பக்கம் போய்ப் பாருங்கள். உள்ளேயும் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒட்டியிருந்தால் ஒழுங்காகச் செய்த வேலை. உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே மட்டும் பட்டி என்றால் அது விற்பனைக்காகச் செய்த வேலை.

சுத்தியலால் தட்டினால் சத்தம் மாறுகிறது

அணியத்திலிருந்து (படகின் முன்முனை) பின்பக்கம் வரை, கையகல இடைவெளியில் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல ஃபைபர் "டக் டக்" என்று இறுக்கமாகப் பேசும். "தொப்" என்று மந்தமாகக் கேட்டால் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன, அல்லது உள்ளே தண்ணீர் இருக்கிறது. அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். உள்ளே கட்டையோ தெர்மாகோலோ வரும் இடங்களிலும் சத்தம் மாறும். ஒரு பக்கம் மாறிய இடத்தில் மறுபக்கமும் மாறினால் அது கட்டுமானம். ஒரு பக்கம் மட்டும் மாறினால் கோளாறு.

உள்ளங்கை அளவுள்ள ஒன்றிரண்டு வட்டங்கள் பரவாயில்லை. ஏராவை ஒட்டி வரிசையாக வட்டங்கள் விழுந்தால் படகு பாரில் (கடலடிப் பாறைத் திட்டு) மோதியிருக்கிறது. மன்னார் வளைகுடாப் பக்கம், தீவுகளைச் சுற்றிப் பார்களுக்கு நடுவே ஓடிய படகுகளில் இது சகஜம். கரையில் மணலோடு இழுத்து ஏற்றும் ஊர்களில் வேறு மாதிரி: ஏராவின் அடி தேய்ந்து, மேட்டின் நார் பஞ்சுபோல் வெளியே தெரியும். தேய்மானத்துக்குப் பட்டை போட்டுவிடலாம். அடுக்கு பிரிவுதான் செலவு.

பரப்பில் விரிசல்கள்

விரிசலின் வடிவமே காரணத்தைச் சொல்லும். ஒரு போல்ட்டைச் சுற்றிச் சிலந்திவலை போல் ஓடினால் அது அந்த இடத்தில் விழுந்த அடி அல்லது அதிகம் முறுக்கிய போல்ட். பெரும்பாலும் ஜெல்கோட்டோடு (ஃபைபரின் வெளிப்பூச்சு) நின்றுவிடும். படகின் குறுக்கே, பக்கத்துக்குப் பக்கம் நீளும் விரிசல் ஆபத்தானது. அலையில் படகு வளைந்து வளைந்து அந்த இடத்தில் களைத்திருக்கிறது. வெறும் பட்டி வைத்தால் அடுத்த வாடைக் காற்றில் மறுபடி திறக்கும்.

திருப்புளி முனையால் விரிசலைச் சுரண்டுங்கள். அரை மில்லிமீட்டரில் நின்று, கீழே சுத்தமான பரப்பு தெரிந்தால் ஜெல்கோட். பச்சை அல்லது வெள்ளை நார் தெரிந்தால் மேட் வரை போயிருக்கிறது.

மேட் வரை போன விரிசலுக்கான சரியான வேலை இது. விரிசலின் இருபுறமும் கிரைண்டரால் சரிவாக அரைக்க வேண்டும். படகின் தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்கு. 6 மி.மீ. தடிமனுக்கு ஒரு பக்கம் சுமார் 7 செ.மீ. நன்னீரால் கழுவி முழுக்கக் காயவிட வேண்டும். உப்பு இருந்தால் ரெசின் பிடிக்காது. பிறகு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை, சிறிய துண்டிலிருந்து பெரிய துண்டாக அடுக்க வேண்டும். ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன் தரும், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ ரெசின் குடிக்கும். நம் வெயிலில் ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லி கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று 25, 30 மில்லி ஊற்றினால் டப்பாவிலேயே கொதித்து, ஒட்டிய இடம் வெடிக்கும். இன்னொன்று: கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டுத்தான் கேட்டலிஸ்ட். கடையில் கோபால்ட் கலந்த ரெசினாகவே கேட்டு வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

அடியில் கொப்புளங்கள்

ஒன்றைக் குத்திப் பாருங்கள். வெறும் தண்ணீர் வந்தால் அது பெயிண்டுக்கு அடியில் தேங்கியது. வினிகர்போல் புளித்த வாடையுடன் பிசுபிசுப்பாக வந்தால் ரெசினுக்குள்ளேயே தண்ணீர் ஊறியிருக்கிறது. பத்திருபது கொப்புளங்களைத் தனித்தனியாகத் திறந்து, கழுவி, காயவைத்து அடைக்கலாம். அடி முழுக்க இருந்தால் ஜெல்கோட்டையே உரித்து வாரக்கணக்கில் காயப்போட வேண்டும். மலிவுப் படகுக்கு அந்தச் செலவு தகாது.

படகு தன் அளவுக்கு மீறிக் கனக்கிறது

வழக்கமாக ஆறு பேர் தள்ளும் படகை எட்டுப் பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. அல்லது மிதக்கவிட்டால் தண்ணீர்க் கோடு பழைய பாசிக் கறையைவிட உயரத்தில் நிற்கிறது. அடித்தளத்துக்குக் கீழே அடைத்திருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது. விற்பவரிடம் சொல்லிவிட்டு, உள்தளத்தில் மிகத் தாழ்ந்த இடத்தில் 5 மி.மீ. ஓட்டை போட்டுப் பாருங்கள். தண்ணீர் வழிந்தால் சந்தேகம் முடிந்தது. ஊறிய ஃபோம் தானாகக் காயாது. தளத்தை வெட்டித் திறந்து, தோண்டியெடுத்து, புதிதாக அடைத்து மூட வேண்டும். லாரியில் ஏற்றிப் போகும் படகாக இருந்தால் வழியில் எடை மேடையில் நிறுத்திவிடுங்கள். படகோடு ஒருமுறை, இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஒருமுறை. அதே அளவுப் படகு கட்டும் யார்டில் வெற்றுப் படகின் எடையைக் கேட்டு ஒப்பிடலாம்.

எஞ்சினைப் பிடித்து ஆட்டினால் பின்பலகை அசைகிறது

வெளி எஞ்சின் மாட்டும் படகுகளில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். பின்பலகை என்பது இருபுறமும் ஃபைபர் போர்த்திய பிளைவுட். எஞ்சின் போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கும். ஓட்டத்தில் பலகை பிளந்தால் எஞ்சின் கடலுக்குள் போய்விடும், பின்னால் திறந்த வாயோடு படகும்.

எஞ்சினைப் பாதி தூக்கி, கால் பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். ஒருவர் அழுத்த, மற்றொருவர் பலகையும் பக்கமும் சேரும் மூலையைப் பார்க்கட்டும். அந்த மூலையில் மயிரிழை விரிசல் திறந்து மூடினாலோ, போல்ட் தலையைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்தாலோ பலகை போய்விட்டது. உறுதி செய்ய, உள்பக்கத்தில் கீழே ஒரு 5 மி.மீ. ஓட்டை. வெளுத்த, உலர்ந்த தூள் வந்தால் நல்ல மரம். கறுத்து ஈரமாக, பிட்டில் ஒட்டிக்கொண்டு வந்தால் மக்கியது. எப்படி இருந்தாலும் ஓட்டையைக் காயவைத்து ரெசின் பட்டியால் அடைத்துவிட்டு வாருங்கள்.

மாற்றும் வேலை இப்படி: உள்பக்க ஃபைபரை வெட்டி எடுத்து, மக்கிய மரத்தைச் சுரண்டி, 19 மி.மீ. மரைன் பிளை இரண்டை ரெசினும் மேட்டும் வைத்து ஒன்றாக ஒட்டி உள்ளே இறுக்க வேண்டும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளை. கதவுக்கு வாங்கும் சாதாரண பிளை போட்டால் மறுபடி இதே வேலை. பிறகு மேலே குறைந்தது நான்கு அடுக்கு மேட், பக்கச் சுவர்மேல் ஒரு சாண் ஏறும்படி. 12 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 18 மி.மீ. ஓட்டை போட்டு, ரெசின் பட்டியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் 12 போட வேண்டும். அப்போதுதான் போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் மரத்தைத் தொடாது. இதைச் செய்யாமல் போல்ட்டைச் சுற்றி சிலிக்கான் மட்டும் அப்புவதால்தான் பாதிப் பின்பலகைகள் மக்குகின்றன.

ஃபைபருக்கு அடியில் ஆணித் தலைகள் தெரிகின்றன

அது ஃபைபர் படகே இல்லை. பழைய மர வள்ளத்தின்மேல் ஃபைபர் போர்த்தியது. உள்ளே வங்குகளும் (விலா எலும்புபோல் வரும் குறுக்குக் கட்டைகள்), ஆணி வரிசையில் துருக் கறையும் தெரியும். வருஷக்கணக்கில் எண்ணெய் பூசிய மரத்தில் ரெசின் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் நின்று, புழுவும் ஊறலும் மறைவாக வேலை செய்யும். கட்டைவிரலால் அழுத்தினால் போர்வை உள்வாங்கி நீர் பிதுங்கினால் வாங்க வேண்டாம். போர்த்தாத மர வள்ளமே இதைவிட நேர்மையானது: கரையில் காய்ந்ததால் பொருத்துகள் வாய் திறந்து முதல் இரண்டு மூன்று நாள் ஒழுகும், மரம் ஊறியதும் அடங்கும். அடங்காத இடத்தில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்கலாம்.

தண்ணீரில் இறக்கினால் உள்ளே ஊறுகிறது

இறக்கும் முன் ஸ்பாஞ்சால் உள்ளே ஒற்றி எடுத்து முழுக்க உலர்த்துங்கள். அமைதியான பக்கத்தில் இறக்குங்கள்: கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் வடகடல் (பாக் விரிகுடா), வாடை (வடகிழக்குக் காற்று) மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா). ஒரு மணி நேரம் கட்டிவைத்து எஞ்சின் ஓட்டாமல் பாருங்கள். பிறகு ஆள், வலை, ஐஸ் பெட்டி எடைக்கு ஈடாக மணல் மூட்டை ஏற்றி, சற்று நேரம் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். இரண்டு முறையும் நிற்கும்போது, படகின் வெளிப்பக்கம் தண்ணீர் நின்ற உயரத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

நிற்கும்போதே ஊறினால் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே ஓட்டை. ஃபைபர் படகில் நின்றபடி ஒரு சொட்டும் வரக்கூடாது. சுமை ஏற்றியபின் மட்டும் வந்தால் ஓட்டை இரண்டு கோடுகளுக்கும் நடுவே, பக்கத்தில் எங்கோ இருக்கிறது. ஓடும்போது மட்டும் வந்தால் ஷாஃப்ட் கிளாண்ட் (எஞ்சின் ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகும் இடத்தின் அடைப்பு), அல்லது அலையில் வளைந்து திறக்கும் விரிசல். உள்ளே நிற்கும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பில்லாவிட்டால் தளத்துக்கு அடியில் பழைய மழைத்தண்ணீர் தேங்கியிருந்து இறங்குகிறது. அது ஃபோம் பிரச்சினை, மேலே சொன்ன ஓட்டைச் சோதனைக்குத் திரும்புங்கள்.

இடம் கண்டுபிடிக்க இன்னொரு வழி, கரையில் நிறுத்தி உள்ளே தண்ணீர் விட்டு வெளியே எங்கே வேர்க்கிறது என்று பார்ப்பது. நான்கு விரல் உயரத்துக்கு மேல் விட வேண்டாம். 6 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள படகில் 7 செ.மீ. தண்ணீரே அரை டன்னைத் தாண்டும். அடியில் மணல் மூட்டைகளைப் பரவலாக வைத்த பிறகே ஊற்றுங்கள்.

கிளாண்டைப் பொறுத்தவரை, ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழுவது சரியானது. அந்தத் தண்ணீர்தான் கிளாண்டுக்குள் ஷாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் அடைப்புக் கயிற்றைக் குளிர்விக்கிறது. ஒரு சொட்டும் இல்லாமல், தொட்டால் சுட்டால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள், ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருக்கும். ஒழுக்கு நிற்காமல் நட் கடைசிவரை இறுகியிருந்தால் பழைய கயிற்றை முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் கயிறு போட வேண்டும். வளையங்களாக வெட்டி, ஒன்றின் வெட்டுவாய்மேல் அடுத்தது வராமல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். இது மலிவான வேலை.

படகு ஒரு பக்கமாக இழுக்கிறது

அணிய நுனியிலிருந்து பின்பலகையின் இரு மூலைகளுக்கும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். 7, 8 மீட்டர் படகில் ஓரிரு செ.மீ. வித்தியாசம் கை வேலையில் வரும். நாலைந்து என்றால் படகு முறுகியிருக்கிறது, அதை நிமிர்த்த முடியாது. ஒரே கட்டைமேல் மாதக்கணக்கில் நிறுத்தினால் அடி உள்வாங்கும். நேரான பலகையை அடியில் நீளவாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

எஞ்சின்

நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்கிறது என்று அர்த்தம். ஆறும்வரை டீ குடித்துவிட்டு வாருங்கள். தண்ணீர் இல்லாமல் கரையிலேயே ஓட்டிக் காட்டினால் தடுங்கள். குளிர்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) அரை நிமிடத்தில் கருகும்.

மண்ணெண்ணெய் மாடல் வெளி எஞ்சின் பெட்ரோலில் பிடித்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் நின்றால், முதலில் ஐந்து நிமிடம் சூடாக விட்டு மாற்றிப் பாருங்கள். அப்போதும் நின்றால் கார்புரேட்டர் ஜெட்டில் பிசின், அல்லது டேங்க் அடியில் தண்ணீர். சின்ன வேலை. குளிர்நீர் பீய்ச்சும் சிறு குழாயில் தண்ணீர் வராவிட்டால் கம்பியால் குத்துங்கள். வந்தால் உப்பு அடைப்பு, வராவிட்டால் இம்பெல்லர். ஆழம் குறைந்த வடகடலில் சேறும் தாழையும் (கடல்புல்) உறிஞ்சிய எஞ்சின்களில் இம்பெல்லர் சீக்கிரம் போகும். அதையும் விலை குறைக்க வைத்துக்கொள்ளலாம், மறுக்கக் காரணமில்லை.

மறுக்க வேண்டியது கியர் ஆயிலில் தெரியும். எஞ்சினை இரவு முழுக்க அசையாமல் நிறுத்தி, காலையில் கியர் பெட்டியின் கீழ்த் திருகை மட்டும் லேசாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வந்தாலோ ஆயில் பால்போல் இருந்தாலோ சீல் போயிருக்கிறது. வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். இரும்புத் துகள் மின்னினால் கியரே தின்னப்பட்டிருக்கிறது, எஞ்சினுக்கு விலை போடாதீர்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஓடும்போது பிளக் கேப்பை ரப்பர் கையுறையோடு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றினால் ஓட்டம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. கம்ப்ரஷன் கேஜ் கிடைத்தால், இரண்டுக்கும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் புரப்பெல்லரின் ரப்பர் புஷ் வழுக்குகிறது. புரப்பெல்லருக்கும் அதன் நடுக்குழாய்க்கும் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டு ஓட்டி வாருங்கள். கோடு விலகியிருந்தால் அதுதான்.

டீசல் எஞ்சினில் புகையைப் பாருங்கள். முதல் நிமிட வெள்ளைப் புகை ஒன்றுமில்லை. நிற்காத வெள்ளைப் புகைக்கு கேஸ்கெட், இன்ஜெக்டர் இரண்டையும் சந்தேகிக்க வேண்டும். நீலம் ரிங். சுமையில் கறுப்பு என்றால் இன்ஜெக்டர் அல்லது எஞ்சினுக்கு மீறிய புரப்பெல்லர். படகே குலுங்கினால் எஞ்சின் மவுண்ட்டை மாற்றும் முன் ஷாஃப்ட் நேரைப் பாருங்கள்: கப்ளிங்கைக் கழற்றி இரு முகங்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு நாலு பக்கமும் அளக்க வேண்டும். 4 அங்குல கப்ளிங்கில் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பித்தளை புரப்பெல்லர் ரோஸ் நிறமாகியிருந்தால் துத்தநாகம் கரைந்துவிட்டது. தட்டினால் மணிச் சத்தம் வராது, சீக்கிரம் உடையும்.

பழுதுள்ள விசைப்படகுக்கும் எஞ்சினுக்கும் மெக்கானிக் தேடுபவர்கள் காலத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்க ஏறிவிடும். உங்கள் சின்ன வேலை வரிசையில் கடைசி.

எல்லாம் சரி, விலை மட்டும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு

கோளாறு படகில் இல்லை, பேப்பரில் இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள எண், படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண், எஞ்சின் தகட்டில் உள்ள எண், எஞ்சின் ரசீது எண் என நான்கையும் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். எண் தகட்டைச் சுற்றிப் புது ரிவெட் இருந்தால் கேள்வி கேளுங்கள். விற்பவர் பெயரும் சான்றில் உள்ள பெயரும் வேறானால், சான்றில் உள்ளவரே நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். "அவர் வெளிநாட்டில் இருக்கிறார்" என்ற பதிலோடு முன்பணம் கொடுக்க வேண்டாம். மானியத்தில் வாங்கிய எஞ்சினுக்கு விற்கத் தடைக் காலம் உண்டா என்று மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கடன் பாக்கி இருக்கிறதா என்பதும் அப்படித்தான்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு விஷயம் வழக்கு. கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அட்டை கடத்தியதாகப் பிடிபட்ட படகு வழக்கு முடியும்வரை வழக்குச் சொத்து. நீங்கள் பணம் கொடுத்து வாங்கினாலும் வனத்துறை எடுத்துக்கொள்ளலாம். 21 தீவுகள் அடங்கிய மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா எல்லையில் பிடிபட்டதும் இப்படியே. வனச்சரக அலுவலகத்திலும் மரைன் போலீஸிலும் படகு எண்ணைச் சொல்லி விசாரிக்க ஒரு நாள் போதும்.

பதிவு உங்கள் பெயருக்கு மாறும்வரை ஒரு பகுதித் தொகையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மானிய எரிபொருள் புத்தகம் பழைய பெயரிலேயே கிடந்தால் எண்ணெய் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அவரைத் தேட வேண்டியிருக்கும். அதனால் ஒப்பந்தத் தாளில் படகு, எஞ்சின், நங்கூரம், வலை எது எது சேரும் என்பதோடு அந்தப் புத்தகத்தை மாற்றித் தருவதையும் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள்.